பதினோராம் வாய்க்காலுக்குப் போன செய்தி

1. பதினான்கு வரிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பதினான்கு வரிகள் இருந்தன. ஒன்பதாவது வரி வெட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டாவது வரியில் பென்சிலால் “பர்வீனைக் கேட்கவும்” என்று மட்டும் எழுதியிருந்தது.

எங்கள் அலுவலகமான அந்தக் கந்தோர் கிளிநொச்சியில், ஒரு உரக்கடையின் மேல்மாடியில் இருந்தது. துஷி என்கிற என்னையும் சேர்த்து மூன்று பேர். முதலாளி சிவநேசன் அண்ணை கொழும்பில் பல வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். பர்வீன் முல்லைத்தீவுக்காரி, என் வயதுதான். வார நாட்களில் கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்குவாள். நான் உடையார்கட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன்.

“இது என்ன?” என்று அந்தத் தாளைக் காட்டிப் பர்வீனிடம் கேட்டேன்.

“நான் எழுதின கோட் சேர்வருக்குப் போற வழி. பதினாலு வேலை இருக்கு. ஒழுங்காச் செய்தா அரை மணித்தியாலத்தில முடியும்.”

“ஒழுங்காச் செய்யாட்டி?”

“அது இன்னும் எழுதேல்லை,” என்றாள் பர்வீன்.

மென்பொருளை எழுதுவது அவள் வேலை. அதைச் சேர்வரில் போட்டு, விழாமல் ஓட வைப்பது என் வேலை. உலகமெங்கும் பெரிய கம்பனிகளிலும் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். எழுதுகிறவர்கள் டெவலப்மென்ட், ஓட்டுகிறவர்கள் ஒப்பரேஷன்ஸ். இரண்டு பெயரின் தலைகளையும் ஒட்டினால் வருவதுதான் டெவ்ஒப்ஸ். இந்தத் துறைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, அதுக்கு என்ன டூல் படிக்க வேணும்?” என்பதுதான். டூல்களின் பெயர்களைப் பிறகு சொல்கிறேன். அவை எங்களுக்கு ஏன் தேவைப்பட்டன என்பது முதலில் தெரிய வேண்டும்.

2. தண்ணீர் முறை

எங்களுடைய முக்கியமான வாடிக்கையாளர் ஒரு குளத்தின் கீழ் நெல் செய்கிற கமக்காரர் அமைப்பு. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. இன்று இந்த வாய்க்கால், நாளை அடுத்த வாய்க்கால் என்று முறை வைத்துக் குளத்து மதகான துருசைத் திறப்பார்கள். யாருக்கு எந்த நாள் என்பதை முன்பு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. அதனால் எங்களிடம் வந்தார்கள்.

எங்கள் மென்பொருள் செய்தது ஒரே ஒரு வேலை. நாளை எந்த வாய்க்காலுக்கு முறையோ, அந்த வாய்க்காலில் வயல் உள்ளவர்களின் போனுக்கு முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அவர்கள் காலையில் மண்வெட்டியோடு வந்து தங்கள் வயல் மடையைத் திறப்பார்கள். வராவிட்டால் தண்ணீர் வயலைத் தாண்டிக் கழிவு வாய்க்காலில் போய்விடும். அடுத்த முறை வரப் பத்துப் பதினொரு நாளாகும்.

இவ்வளவு சின்ன மென்பொருளுக்கு என்ன நடந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

3. காலை எட்டரை

நான் சேர்ந்து ஏழாவது மாதம். பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரளும் நேரம், தண்ணீர் தவறக் கூடாத நேரம். கந்தோரில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்ததும் போன் அடித்தது. துருசு திறக்கிற நிரோஷன்.

“மிஸ், என்ன விளையாட்டு இது? பதினோராம் வாய்க்கால் சனம் முழுக்க இஞ்ச வந்து நிக்குது. இண்டைக்கு முறை நாலாம் வாய்க்காலுக்கு. நான் ஆறு மணிக்கே திறந்திட்டன். நாலாம் வாய்க்காலில ஒரு ஆளையும் காணேல்லை. தண்ணி சும்மா ஓடுது.”

“துருசைப் பூட்டேலாதோ?”

“பூட்டினா நாலாம் வாய்க்காலார் வந்து என்னைக் கேப்பினம். நீங்கள் கெதியா என்ன எண்டு பாருங்கோ.”

நான் திரும்பியபோது சிவநேசன் அண்ணையும் பர்வீனும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

“நேற்று ஆர் சேர்வரில கை வைச்சது?” என்றார் அண்ணை.

“நான்தான்,” என்றாள் பர்வீன். “மெசேஜ் நீளமா இருக்கெண்டு சனம் சொன்னதால சுருக்கி எழுதினனான். துஷி லீவு. அதால அந்தத் தாளைப் பார்த்து நானே போட்டனான். ஆனா வாய்க்கால் நம்பர் பக்கமே நான் போகேல்லை.”

“போகாமல் எப்பிடி மாறும்? தெரியாத வேலையை ஏன் செய்யிறீங்கள்? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதே?”

அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் அதற்குள் சேர்வரைத் திறந்து வாய்க்கால் பட்டியல் இருக்கிற ஃபைலைப் பார்த்தேன். அதில் பழைய இலக்கங்கள் இருந்தன.

போகம் தொடங்கும்போது அமைப்பினர் வாய்க்கால்களுக்குப் புது இலக்கம் போட்டிருந்தார்கள். பழைய நாலாம் வாய்க்கால் பதினொன்றாகிவிட்டது. வேறொன்று நாலாகியது. புதுப் பட்டியலைத் தலைவர் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அன்று பர்வீன் கந்தோரில் இல்லை. ஐந்து நிமிட வேலைதானே என்று நேரே சேர்வருக்குள் போய் ஃபைலைத் திருத்திவிட்டேன். அவளுடைய கம்பியூட்டரில் இருந்த பிரதியில் அந்தத் திருத்தம் இல்லை. அவளுக்கு அதைச் சொல்ல மறந்தும் போனேன். நேற்று அவள் முழு ஃபோல்டரையும் ஏற்றியபோது, என் திருத்தத்தின் மேல் பழைய பட்டியல் போய்க் குந்திவிட்டது.

அண்ணை இன்னும் பர்வீனோடுதான் கதைத்துக்கொண்டிருந்தார். நான் உடனே வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பிறகு சொன்னேன். “அண்ணை, அவவில பிழை இல்லை. நான் சேர்வரில நேரடியா மாத்தினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

பர்வீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா, ஆச்சரியமா என்று தெரியவில்லை. “நீர் திருத்தின ஃபைல் எங்க? அதைத் திருப்பிப் போடும்,” என்றாள்.

திருத்திய ஃபைல் எங்கும் இல்லை. அதன் மேல்தான் பழையது ஏறியிருந்தது. என் போனில் தலைவர் அனுப்பிய படம் மட்டும் மிஞ்சியிருந்தது.

4. துருசடியில்

அந்தப் படத்தைப் பார்த்து நாலாம் வாய்க்காலின் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுக்க அண்ணை குந்தினார். நானும் பர்வீனும் அவளுடைய ஸ்கூட்டியில் குளத்துக்குப் போனோம்.

துருசடியில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். நாங்கள் இறங்கியதும் தவமணி அக்கா முன்னுக்கு வந்தார். அவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, பதினோராம் வாய்க்காலில் ஒன்றரை ஏக்கர் செய்கிறவர். கையில் மண்வெட்டி.

“நீங்களே அந்த மெசேஜ்காரர்? நான் இண்டைக்கு லீவு போட்டு வந்தனான் தங்கச்சி. இனி எங்கட முறைக்கு இன்னொரு நாள் லீவு கேட்டா சூப்பர்வைசர் தருவாரோ?”

“பிழை எங்கடதான் அக்கா,” என்றேன். “நாலாம் வாய்க்காலாருக்குப் போகவேண்டிய மெசேஜ் உங்களுக்கு வந்திட்டுது. அவைக்குத் தெரியாது. இப்பதான் போன் எடுத்துச் சொல்லினம்.”

“அப்ப ஆறு மணியிலயிருந்து ஓடுற தண்ணி?”

நிரோஷன் கையை நீட்டிக் காட்டினான். வாய்க்கால் நிறையத் தண்ணீர். இரு பக்கமும் மடைகள் அடைத்தபடி இருந்தன.

தவமணி அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்கட தண்ணி இல்லை எண்டதுக்காக அவையின்ர தண்ணி வீணாப் போறதே? வாங்கோ, ஆக்கள் வரும்வரைக்கும் நாங்கள் மடையைத் திறந்து விடுவம்.”

“மற்றவையின்ர வயலில கை வைச்சா பேந்து எங்களைத்தான் குற்றம் சொல்லுவினம்,” என்றார் பின்னால் நின்ற ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மடை விஷயத்தில் பல வருடம் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் உண்டு.

நான் அமைப்பின் தலைவருக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். அவர் முதலில் எங்களை நன்றாக ஏசினார். பிறகு, “நிரோஷன் கூட நிக்கட்டும். மடையைத் திறவுங்கோ. ஆரும் கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ,” என்றார்.

பதினோராம் வாய்க்கால்காரர்கள் நாலாம் வாய்க்கால் வரம்பில் இறங்கினார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இரண்டு பேர், போன் எடுபடாத வீடுகளுக்கு ஆள் கூப்பிடப் போனார்கள். பத்தரை மணிக்குள் வயல்காரர்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். வீணாய்ப் போன தண்ணீரைச் சமாளிக்க, துருசை அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் திறந்து வைப்பதென்றும், ஐந்தாம் வாய்க்கால் அரை நாள் பொறுப்பதென்றும் தலைவர் பேசி முடித்தார். அப்படியும் கடைசி வயல்கள் இரண்டுக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. அறுவடையின்போது நான் போய்ப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் ஒரு மூலை பதராய் நின்றது.

நாங்கள் புறப்படும்போது நிரோஷன் கேட்டான். “மிஸ், கோவிக்காதைங்கோ. ஆர் எப்ப மாத்தினது எண்டு உங்கட கம்பியூட்டருக்குத் தெரியாதோ?”

“தெரியாது,” என்றேன்.

“அது ஏன்?”

அவன் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான்.

5. ஆர் என்பதல்ல, எப்படி என்பது

மறுநாள் அண்ணை எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தினார். பர்வீனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

அவர் தொடங்குவதற்குள் பர்வீன் சொன்னாள்: “அண்ணை, ஆர் எண்டு கேட்டா ஒரு நிமிஷத்தில முடிஞ்சிடும். துஷி சொல்லாமல் விட்டவ, நான் பாக்காமல் போட்டனான். ரெண்டு பேரும் இனிக் கவனமா இருப்பம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போவம். அடுத்த மாதம் வேற ஒண்டு நடக்கும். இது எப்பிடி நடக்க ஏலுமா இருந்தது எண்டு பாப்பம்.”

டெவ்ஒப்ஸ் என்ற சொல்லை அதுவரை எங்கள் கந்தோரில் ஒருவரும் உச்சரித்ததில்லை. ஆனால் அது எங்களிடம் வந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆளைத் தேடாமல் நடந்ததைத் தேடும் இந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் போஸ்ட்மோர்ட்டம் என்றே பெயர். ஒரு பலகையில் நேரப்படி எழுதினோம். எழுத எழுத எனக்குப் பயம் போய் ஆவல் வந்தது. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு கேள்வி முளைத்தது. சேர்வரில் மாற்றினால் ஏன் மற்றவருக்குத் தெரியவில்லை? பட்டியல் பிழை என்று ஏற்றும்போதே ஏன் பிடிபடவில்லை? பிழையை நிரோஷன் சொல்லித்தான் நாங்கள் அறிய வேண்டுமா? பழைய நிலைக்கு ஏன் திரும்பிப் போக முடியவில்லை?

இந்த நாலு கேள்விக்கும் பதில் தேடி எங்களுக்கு ஐந்து மாதம் போனது. டூல்கள் இங்கேதான் வருகின்றன.

முதல் கேள்விக்குக் கிட். கோட், பட்டியல், சேர்வர் அமைப்பு எல்லாம் ஒரே களஞ்சியத்தில் இருக்கும். யார், எப்போது, எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்று அது வைத்திருக்கும். பர்வீன் கிட் பாவித்துக்கொண்டுதான் இருந்தாள், தன் கம்பியூட்டரில் மட்டும். நான் அதை எழுதுகிறவர்களின் சாமான் என்று தொடவே இல்லை. இனிச் சேர்வரில் ஒருவரும் நேரே கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. பத்து நாள் கழித்தும் பழக்கதோஷத்தில் ஒரு தரம் உள்ளே போய்விட்டேன். அதோடு என் பாஸ்வேர்டை நானே மாற்றச் சொல்லி அண்ணையிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, டெஸ்ட். “நாலாம் வாய்க்காலுக்கு முறை என்றால், செய்தி நாலாம் வாய்க்கால்காரருக்கு மட்டும் போக வேண்டும்” என்பதையே பர்வீன் கோட்டாக எழுதினாள். இப்படி முதலில் ஆறு, பிறகு நாற்பதுக்கு மேல். களஞ்சியத்தில் ஒரு எழுத்து மாறினாலும் எல்லா டெஸ்டும் தானாக ஓடும். எல்லாம் சரி என்று பச்சை காட்டினால், புதுப் பிரதி முதலில் ஒரு ஒத்திகைச் சேர்வருக்குப் போகும். அங்கே கமக்காரர்களாக இருப்பது எங்கள் மூன்று பேரின் போன்கள்தான். அங்கும் சரியென்றால் மட்டும் உண்மையான சேர்வருக்குப் போகும். இந்த வரிசைக்குப் பைப்லைன் என்று பெயர். அது ஓடத் தொடங்கிய அன்று பர்வீன் சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள். தானே எழுதிய தாள் என்பதால் மிகவும் ரசித்துக் கிழித்தாள்.

மூன்றாவது, மொனிட்டரிங். முறை உள்ள வாய்க்காலில் எத்தனை பேர், செய்தி போனது எத்தனை பேருக்கு என்று ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு எங்கள் இருவருக்கும் போன் அடிக்கும். இருவருக்கும் என்பதுதான் முக்கியம். முன்பு பிழை என்று வருகிற போன்களை நான் மட்டும்தான் கேட்டேன். பர்வீனின் போனும் அடிக்கத் தொடங்கிய பிறகு அவள் எழுதும் கோட்டே மாறியது. “பிழை விட்டா எனக்கும் அடிக்கும் எண்டால் வேற மாதிரித்தான் எழுதத் தோணுது,” என்றாள்.

நாலாவது, ரோல்பேக். புதிய பிரதி பிழையென்றால் முந்தைய பிரதிக்குத் திரும்புவது. செய்து பழகிப் பார்க்காமல், இது எங்களிடம் இருக்கிறது என்று நம்பக் கூடாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒத்திகைச் சேர்வரை வேண்டுமென்றே குழப்பிவிட்டு அண்ணை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் தரம் எங்களுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. ஆறாவது தரம் மூன்று நிமிடம்.

6. சிவப்பு

அடுத்த சிறுபோகத்துக்கு ஒரு கிழமை முன்பு, புதிதாகப் பன்னிரண்டாம் வாய்க்காலைச் சேர்க்க வேண்டியிருந்தது. தலைவர் பட்டியலை அனுப்பிவிட்டுப் போனிலேயே நின்றார். கூட்டம் தொடங்கப் போகிறது, வேலை முடிந்தது என்று சனத்துக்குச் சொல்ல வேண்டும்.

நான் பட்டியலைப் போட்டேன். பைப்லைன் சிவப்பாகி நின்றது.

திரும்பவும் ஓட்டினேன். சிவப்பு.

“இன்னும் முடியேல்லையோ பிள்ளை?” என்றார் தலைவர்.

அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். “டெஸ்டில ஏதோ பிழையாக்கும். இண்டைக்கு மட்டும் அதைத் தாண்டிப் போடேலாதோ? அந்தாள் காத்துக்கொண்டு நிக்குது.”

தாண்டிப் போட வழி இருந்தது. அதை அமைத்ததே நான்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. அப்போது பர்வீன் கதிரையை விட்டு எழும்பாமலே, “என்ன சொல்லுது எண்டு வாசிச்சுப் பாத்தனீரோ?” என்றாள்.

வாசிக்கவில்லை. சிவப்பைப் பார்த்த கோபத்தில், அது என்ன சொல்கிறது என்று பார்க்கவே இல்லை. பார்த்தேன். ‘பன்னிரண்டாம் வாய்க்காலில் ஒருவரும் இல்லை’ என்று இருந்தது. தலைவர் அனுப்பிய பட்டியலில் போன் இலக்கங்கள் இருந்த கடைசிப் பத்தி எப்படியோ வெட்டுப்பட்டுப் போயிருந்தது. பெயர்கள் இருந்தன. யாருக்கும் இலக்கம் இல்லை. போட்டிருந்தால் அந்த வாய்க்கால்காரர் ஒருவருக்கும் செய்தி போயிராது.

“ஐயா,” என்றேன் போனில், “இன்னும் முடியேல்லை. கூட்டத்தில அப்பிடியே சொல்லுங்கோ. பட்டியலை ஒருக்கா முழுசா அனுப்புங்கோ. வந்த உடன பத்து நிமிஷத்தில போடுறன்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அனுப்பினார். பைப்லைன் பச்சையானபோது அண்ணை என் தோளில் தட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

7. பத்து நாள் லீவு

போன வருடம் தங்கைக்குப் பளையில் கலியாணம். பத்து நாள் லீவு எடுத்தேன். ஏழு வருட வேலையில் அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் எடுத்தது அதுதான் முதல் தரம்.

முதல் நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் பலகாரம் சுடுகிற இடத்தில் இருந்துகொண்டு, பொறுக்க முடியாமல் நானே பர்வீனுக்கு எடுத்தேன்.

“ஏதும் பிரச்சினையோ?”

“இல்லையே. ஏன் எடுத்தனீர்?”

“ஒருத்தரும் எடுக்கேல்லை. அதுதான்.”

“நேற்று ரெண்டு மாற்றம் போட்டனான். இண்டைக்கு ஒண்டு. அதில ஒண்டு சரிவரேல்லை, திருப்பி எடுத்திட்டன். சனத்துக்குத் தெரியவும் இல்லை. வேலை முடிஞ்சுது. போனை வையும், கலியாண வேலையைப் பாரும்.”

உண்மையைச் சொன்னால், அப்போது கொஞ்சம் மனம் நொந்தது. நான் இல்லாவிட்டால் சேர்வர் ஓடாது என்று ஒரு காலத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். மற்றவருக்குத் தெரியாத வேலைகள் என் தலைக்குள் எவ்வளவுக்கு இருந்தனவோ, அவ்வளவுக்கு நான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். அந்த மேட்டு வயல் மூலையைப் பதராக்கியதும் அதே நினைப்புத்தான்.

நீங்கள் இந்த வேலைக்கு வரும்போது கிட், பைப்லைன், மொனிட்டரிங் எல்லாம் இதைவிட நன்றாகப் படித்துக்கொண்டு வருவீர்கள். டூல்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாறும். திரும்பப் படிக்கலாம். ஆனால் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலை இருக்கிறதென்றால், அன்றைக்கே அதை இன்னொருவருக்கும் தெரியும்படி செய்துவிடுங்கள்.

கலியாணத்தன்று போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து எடுத்துப் பார்த்தபோது தங்கையின் படங்கள் மட்டும் வந்திருந்தன.